நாலு கம்பெனி கேமரா, ஒரே ரெக்கார்டர்

மும்பையின் மான்குர்த் சொசைட்டிகளில் கேமரா வாங்கும் கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. முதலில் கமிட்டி பணம் சேர்த்து கேட்டிலும் மாடிப்படியிலும் நாலு கேமரா போடும். பைக் ஒன்று திருடுபோன பிறகு பார்க்கிங் பக்கம் இன்னும் ரெண்டு வரும். அது வேறு கடை, வேறு கம்பெனி. தேர்தல் சமயத்தில் யாராவது நன்கொடையாக ரெண்டு கொடுப்பார்கள். மூணாவது மாடிக்காரர் தன் வாசலுக்கென்று ஆன்லைனில் ஒரு வைஃபை கேமரா வாங்கி மாட்டியிருப்பார். ஐந்தாறு வருஷத்தில் ஒரே கட்டடத்தில் நாலு கம்பெனிச் சரக்கு சேர்ந்துவிடும். படமோ இரண்டு ரெக்கார்டர், ஒரு மெமரி கார்டு, ஒருவருடைய போன் என்று சிதறிக் கிடக்கும்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துப் பார்க்கலாம் என்று ஆளைக் கூப்பிட்டால், ஏணியில் ஏறுவதற்கு முன்பே பதில் வந்துவிடுகிறது: “அண்ணே, இது வேற கம்பெனி. அதுல ஏறாது. எல்லாத்தையும் கழட்டிட்டு ஒரே கம்பெனியா போட்டுடலாம்.” மாத மெயின்டனன்ஸ் வசூலாகாமல் லிஃப்டே நின்றுகிடக்கும் கட்டடத்துக்கு இது சின்னச் செலவில்லை. அந்தப் பதில் பெரும்பாலான நேரங்களில் உண்மையும் இல்லை. வேறு வேறு கம்பெனி கேமராக்களை ஒரே என்விஆரில், அதாவது நெட்வொர்க் வீடியோ ரெக்கார்டரில், சேர்க்க முடியும். எது சேரும், எது சேராது, சேர்த்தால் எதை இழப்போம் என்பது கமிட்டிக்குத் தெரிந்திருந்தால் போதும்.

இந்தப் பகுதிக்குக் கேமரா ஏன் இவ்வளவு அவசியமாகிவிட்டது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. பக்கத்திலிருக்கும் சீட்டா கேம்ப், 1976-இல் எமர்ஜென்சி காலத்தில் ஜனதா காலனியை இடித்து, அங்கிருந்த மக்களைக் கொண்டுவந்து விட்ட இடம். அந்த இடிப்பை எதிர்த்துப் போராடிய ஜோக்கின் அற்புதம், கோலார் தங்கவயலிலிருந்து மும்பைக்கு வந்த தமிழர். பிறகு மும்பை நகரப் போக்குவரத்துத் திட்டத்துக்காக ரயில் பாதையோரக் குடிசைகள் அகற்றப்பட்டபோது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் லல்லுபாய் காம்பவுண்ட் போன்ற மறுகுடியமர்வுக் கட்டடங்களுக்கு வந்தன. வீடு ஒவ்வொன்றும் 225 சதுர அடி. ஜோப்படி என்னும் குடிசைப் பகுதியில் வாசல் தெருவில்தான் இருக்கும்; வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்கிற பாட்டியின் கண்ணுக்குத் தப்பி ஒருவர் உள்ளே வர முடியாது. மாடிக் கட்டடத்தில் அந்தப் பாட்டி கதவுக்குப் பின்னால் போய்விட்டார். படிக்கட்டையும் நடையையும் பார்க்க ஆளில்லை.

வெளிச்சமும் இல்லை. லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பாரேக் காம்பவுண்ட், பிஎம்ஜிபி காலனி ஆகிய மூன்று குடியிருப்புகளிலும் கட்டடங்கள் நெருக்கமாக நிற்பதால் வெயிலும் காற்றும் உள்ளே வராமல் போகின்றன. காசநோய்க்கும் அதற்கும் தொடர்பிருக்கிறது என்று டாக்டர்ஸ் ஃபார் யூ அமைப்பும் மும்பை ஐஐடியும் ஆய்வு செய்து 2018-இல் சொல்லின. கீழ்த்தள நடையில் பகலிலும் பல்பு எரியவேண்டும். இங்கே மாட்டும் கேமராவுக்கு இரவுப் பார்வை தரும் அகச்சிவப்பு விளக்கு கண்டிப்பாக வேண்டும் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பிரச்சினை இப்போது ஏன் கூடியிருக்கிறது? மத்திய அரசு 2024 ஏப்ரலில் சிசிடிவி கேமராக்களுக்குக் கட்டாயப் பாதுகாப்பு விதிகளை அறிவித்தது. 2025 ஏப்ரல் 9 முதல் அவை நடைமுறையில் உள்ளன. உள்ளே இருக்கும் சிப், மென்பொருள், கடவுச்சொல் முறை எல்லாம் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் சோதனையாகித் தேறிய மாடல்களைத்தான் புதிதாக விற்கலாம். தேவையான விதி அது. அதை நான் முழுக்க ஆதரிக்கிறேன். ஆனால் அதன் விளைவு சொசைட்டியின் தலையில் விடிகிறது. நாலு வருஷத்துக்கு முன் வாங்கிய மாடல் இன்று லாமிங்டன் ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்காமல் போகலாம். ஒரு கேமரா பழுதானால் அந்த இடத்தில் வேறு கம்பெனிதான் வந்து உட்காரும். கம்பெனிகள் கலப்பது இனி தவிர்க்க முடியாதது. அதனால்தான் அதை ஒழுங்காகச் செய்யத் தெரியவேண்டும் என்கிறேன்.

முதலில் வயரின் நுனியைப் பாருங்கள்

கேமராவிலிருந்து வரும் வயரின் முனையில் திருகி மாட்டும் வட்டமான உலோகக் கனெக்டர் இருந்தால் அது அனலாக் கேமரா. இன்டர்நெட் ரூட்டரில் குத்துகிறோமே, அந்தக் ‘கிளிக்’ சத்தம் போடும் பிளாஸ்டிக் கனெக்டர் இருந்தால் அது ஐபி கேமரா. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல்தான் பாதிச் சண்டை நடக்கிறது. என்விஆர் ஐபி கேமராவை மட்டுமே எடுக்கும். அனலாக் கேமராவுக்கு டிவிஆர், அதாவது டிஜிட்டல் வீடியோ ரெக்கார்டர் வேண்டும்.

அனலாக்கிலும் ஒரு குழப்பம் உண்டு. டாஹுவா 2012-இல் கொண்டுவந்த சிவிஐ, ஹிக்விஷன் கையிலெடுத்த டிவிஐ, இவை இரண்டுக்கும் வெளியே ஏஹெச்டி என்று மூன்று முறைகள் ஓடுகின்றன. ஒரு முறைக் கேமராவை இன்னொரு முறைக்கு மட்டுமேயான பழைய டிவிஆரில் குத்தினால் திரை கறுப்பாக நிற்கும், அல்லது படம் கோடுகோடாக ஓடும். உடனே “கேமரா போச்சு” என்று சொல்லிவிடுவார்கள். பல கேமராக்களின் வயரில், கனெக்டருக்குக் கொஞ்சம் மேலே, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பொத்தானோ குட்டி ஜாய்ஸ்டிக்கோ தொங்கும். அதைச் சில விநாடிகள் ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால் முறை மாறும், படம் வரும். இதைச் செய்து பார்க்காமலே குப்பைக்குப் போய், மண்டாலா பங்கார் (பழைய சாமான்) கடைகளில் எடைக்குப் போடப்படும் நல்ல கேமராக்கள் எத்தனையோ.

பழைய அனலாக் கேமரா பாதி, புது ஐபி கேமரா பாதி என்றிருக்கும் கட்டடத்துக்கு என் பரிந்துரை என்விஆர் அல்ல. இந்த மூன்று முறைகளையும், பழைய சாதா அனலாக்கையும், கூடவே சில ஐபி கேமராக்களையும் ஏற்கும் ஐந்துவகை டிவிஆர் கடைகளில் கிடைக்கிறது. அதை வாங்கினால் சுவரை இடித்துப் புது வயர் இழுக்கும் செலவு மிச்சம்.

பொது மொழி

ஐபி கேமராக்களுக்கு வருவோம். உலகின் முதல் நெட்வொர்க் கேமராவை ஸ்வீடனின் ஆக்ஸிஸ் கம்பெனி 1996-இல் விற்பனைக்கு விட்டது. அதற்குப் பின் வந்த ஒவ்வொரு கம்பெனியும் தன் கேமரா தன் ரெக்கார்டரோடு மட்டும் பேசும்படி தனி முறை வைத்துக்கொண்டது. வாங்குபவர் ஒரே கம்பெனியிடம் கட்டுண்டு கிடந்தார். 2008-இல் ஆக்ஸிஸ், பாஷ், சோனி மூன்றும் சேர்ந்து ஆன்விஃப் என்ற பொது விதிமுறையைத் தொடங்கின. எந்தக் கம்பெனிக் கேமராவாக இருந்தாலும் ‘நான் இங்கே இருக்கிறேன், என் படம் இந்த வழியில் வரும், இந்தப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் தருவேன்’ என்று எந்த ரெக்கார்டரிடமும் சொல்வதற்கான பொது மொழி அது. சீட்டா கேம்ப்பில் தமிழரும் மராட்டியரும் உத்தரப் பிரதேசத்துக்காரரும் பம்பாய் ஹிந்தியில் பேசிக்கொள்வது போலத்தான்: காரியம் நடக்கும், ஆனால் வீட்டுக்குள் பேசும் நுணுக்கமெல்லாம் அதில் வராது.

அந்தக் கடைசி வரி முக்கியம். ஆன்விஃப் வழியாகச் சேர்த்தால் படம் வரும், பதிவாகும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கோடு தாண்டினால் எச்சரிப்பது, முகத்தை அடையாளம் காண்பது, கேமராவின் ஸ்பீக்கர் வழியாகப் பேசுவது போன்ற கம்பெனியின் சொந்த வசதிகள் பெரும்பாலும் வராது. ஆள் நடமாட்டம் இருக்கும்போது மட்டும் பதிவு செய்யும் வசதிகூடச் சில ஜோடிகளில் வேலை செய்யாமல் போகும். அப்படிப்பட்ட கேமராவை நாள் முழுக்கப் பதிவு செய்யும்படி வைத்துவிடுங்கள். திருட்டு நடந்த அந்த இரண்டு நிமிடம் மட்டும் பதிவாகாமல் போவதைவிட ஹார்டு டிஸ்க் சீக்கிரம் நிறைவது மேல்.

வாங்கும்போது பெட்டியில் ‘ஆன்விஃப்’ என்று அச்சிட்டிருக்கிறதா என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த ப்ரொஃபைல் என்று கேளுங்கள். எஸ் என்றால் அடிப்படை வீடியோ. 2018-இல் வந்த டி என்றால் இடத்தை மிச்சப்படுத்தும் ஹெச்.265 வீடியோவும் சேரும். எந்த மாடல் உண்மையிலேயே தேறியது என்று ஆன்விஃப் அமைப்பே பட்டியல் வைத்திருக்கிறது. மாடல் எண்ணைப் போட்டால் போனிலேயே பார்த்துவிடலாம்.

“ஆன்லைன் காட்டல”

இனி வேலை நடக்கும் இடம். டெக்னீசியன் கேமராவை மாட்டி, வயரைக் குத்தி, என்விஆரில் ‘சேர்’ என்று அழுத்துகிறார். கேமராவின் பெயருக்கு எதிரே சிவப்புக் குறி வருகிறது. “ஆன்லைன் காட்டல” என்கிறார். இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும். காரணங்கள் எண்ணி எடுக்கக்கூடியவை.

முதல் சந்தேகம் முகவரி. ஹிக்விஷன் ஐபி கேமரா பெட்டியிலிருந்து வெளியே வரும்போது 192.168.1.64 என்ற முகவரியோடு வருகிறது, டாஹுவா 192.168.1.108. ஒரே கம்பெனியில் இரண்டு கேமராவை அப்படியே மாட்டினால் இரண்டுக்கும் ஒரே முகவரி. ஒன்றையொன்று தள்ளிவிட்டு மாறி மாறி வரும். உங்கள் ரூட்டர் 192.168.0 வரிசையில் ஓடினால் எதுவுமே வராது. ஒவ்வொரு கேமராவையும் தனியாகக் குத்தி, தனி நிலையான முகவரி கொடுத்து, அதை ஒரு தாளில் எழுதி ரெக்கார்டர் பெட்டிக்குள் ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது ஆன்விஃப் அனுமதி. ஹிக்விஷனின் புதிய மென்பொருளில் ஆன்விஃப் மூடியே வரும். கேமராவின் பக்கத்தை கம்ப்யூட்டரில் திறந்து, நெட்வொர்க் பிரிவில் ‘இன்டக்ரேஷன் ப்ரோட்டோகால்’ என்ற இடத்தில் அதைத் திறக்கவேண்டும். அதோடு அங்கேயே ஆன்விஃபுக்கென்று தனிப் பயனர் ஒருவரை உருவாக்கவேண்டும். அட்மின் கடவுச்சொல்லையே போட்டுப் போட்டுப் பார்த்து, கேமரா பூட்டிக்கொண்டு, “கம்பெனி ஒத்துக்கல” என்று கை விரிப்பவர்கள் இந்தப் பக்கத்தைத் திறந்திருக்க மாட்டார்கள். மூணாவது மாடிக்காரரின் வைஃபை கேமரா டிபி-லிங்க் டேப்போவாக இருந்தால், அதன் போன் ஆப்பில் ‘கேமரா அக்கவுன்ட்’ என்று ஒன்றை உருவாக்கவேண்டும். என்விஆரில் போர்ட் 80-க்குப் பதில் 2020 என்று போடவேண்டும். பேட்டரியில் ஓடும் கேமராக்களும், படத்தைக் கம்பெனியின் சர்வருக்கு மட்டுமே அனுப்பும் மலிவுக் கேமராக்களும் என்விஆருக்குள் பெரும்பாலும் வராது. அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

மூன்றாவது காரணம் பலருக்குத் தோன்றுவதே இல்லை: கடிகாரம். ஆன்விஃப் கடவுச்சொல்லை அனுப்பும்போது கூடவே நேரத்தையும் சேர்த்து அனுப்பும். கேமராவின் கடிகாரம் ஏதோ பழைய வருஷத்திலும் என்விஆர் இன்றைய தேதியிலும் நின்றால், சரியான கடவுச்சொல்லைக்கூடக் கேமரா ஏற்காது. பெயரும் சொல்லும் சரியாக இருந்தும் உள்ளே விடவில்லையென்றால் முதலில் நேரத்தைப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் வரவில்லையென்றால் ஆர்டிஎஸ்பி என்ற இன்னொரு வழி இருக்கிறது. 1998-இலிருந்து உள்ள முறை, போர்ட் 554. கேமராவின் வீடியோ முகவரியை என்விஆரில் நேரடியாகத் தட்டச்சு செய்வது. ஒவ்வொரு கம்பெனிக்கும் அந்த முகவரியின் வால் வேறு, கையேட்டில் இருக்கும். இது வெறும் படத்தை மட்டும் தரும், ஆனால் பிடிவாதமாக நின்ற கேமராக்கள் பல இதில் இறங்கி வந்துவிடும்.

படம் வந்து உடைந்து உடைந்து ஓடினால் கேமராவின் அமைப்பில் ‘ஹெச்.265 பிளஸ்’, ‘ஸ்மார்ட் கோடெக்’ போன்றவற்றை அணைத்துவிடுங்கள். அவை கம்பெனிகளின் சொந்தச் சுருக்க முறைகள். அடுத்த கம்பெனி ரெக்கார்டருக்கு முழுதாகப் புரியாது. வெறும் ஹெச்.265, அதுவும் சரிவரவில்லையென்றால் ஹெச்.264.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. லேன் வயரிலேயே மின்சாரம் அனுப்பும் பிஓஇ முறை 2003-இல் தரப்படுத்தப்பட்டது. ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட், சாதாரண கேமராவுக்குத் தாராளம். ஆனால் என்விஆரின் முதுகிலுள்ள பிஓஇ போர்ட்டுகள் பல மாடல்களில் தனி நெட்வொர்க்காக இயங்குகின்றன. சொந்தக் கம்பெனிக் கேமராவைக் குத்தியதும் எடுத்துக்கொள்ளும். அடுத்த கம்பெனிக் கேமராவுக்கு அந்தச் சானலை ‘மேனுவல்’ என்று மாற்றி விவரத்தைக் கையால் கொடுக்கவேண்டும். நாலு கம்பெனி கலந்த கட்டடத்தில் தனி பிஓஇ சுவிட்ச் ஒன்று வாங்கி, எல்லாக் கேமராவையும் அதில் குத்தி, என்விஆரையும் அதிலேயே சேர்ப்பதுதான் தலைவலி இல்லாத வழி. வயர் நீளம் 100 மீட்டரைத் தாண்டக்கூடாது. அலுமினியத்தில் செம்பு பூசிய மலிவு வயர் வேண்டவே வேண்டாம். நீள ஓட்டத்தில் மின்சாரம் குறைந்து, அகச்சிவப்பு விளக்கு எரியும் இரவில் கேமரா தானே அணைந்து அணைந்து வரும். கழிமுகக் காற்றும் ஜூலை மழையும் உள்ள ஊர் இது. வெளி ஜாயின்ட் ஒவ்வொன்றும் மூடிய பெட்டிக்குள் இருக்கட்டும்.

எத்தனை நாள் படம் இருக்கும்?

கமிட்டி கூட்டத்தில் யாரும் கேட்காத, ஆனால் போலீஸ் வந்து முதலில் கேட்கும் கேள்வி இது. கணக்கு எளிது. ஒரு கேமரா விநாடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 43 ஜிபி. எட்டுக் கேமராவுக்கு 345 ஜிபி. 4 டிபி டிஸ்க் பதினோரு நாளில் நிறைந்து, பழைய படத்தின் மேல் எழுதத் தொடங்கும். வேகத்தை 2 மெகாபிட்டாக வைத்தால் 23 நாள். மாடிப்படிக்கு 2 போதும். வண்டி எண் தெரியவேண்டிய கேட்டுக்கு 4 கொடுங்கள். காவல் நிலையங்களில் வைக்கும் கேமராப் பதிவுகளை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருஷம் வைத்திருக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 2-இல் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உத்தரவிட்டது. சொசைட்டிக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் ஊருக்குப் போன குடும்பம் திரும்பி வந்து பூட்டு உடைந்ததைப் பார்க்கும்வரையாவது படம் இருக்கவேண்டும். மே மாத விடுமுறைக்குத் திருநெல்வேலிக்குப் போகிறவர்கள் ஒரு மாதத்துக்குக் குறைந்தா வருகிறார்கள்?

கடிகாரத்துக்கு மறுபடி வருகிறேன், இந்த முறை நீதிமன்ற வாசலிலிருந்து. மகாராஷ்டிரத்தின் ஜால்னா தொகுதியில் 2014 தேர்தலில், வேட்புமனு மதியம் 3 மணிக்குள் கொடுக்கப்பட்டதா இல்லையா என்பதே ஒரு வழக்காகி, தேர்தல் அதிகாரி அலுவலகத்தின் வீடியோப் பதிவுகள் சாட்சியாக வந்தன. அந்த அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில்தான் 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மூலக் கருவியையே கொண்டுவராமல் நகலைக் கொடுத்தால் சட்டப்படியான சான்றிதழ் கட்டாயம் என்று உறுதி செய்தது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சான்றிதழ், பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவின் கீழ் வருகிறது. நாலு கம்பெனிக் கேமராவில் நாலு நேரம் ஓடினால் எந்த வக்கீலும் அந்தப் பதிவைக் கிழித்துப் போட்டுவிடுவார். எல்லாக் கேமராவும் என்விஆரிடமிருந்தே நேரத்தை எடுத்துக்கொள்ளும்படி அமைப்பது ஐந்து நிமிட வேலை.

கம்பெனி கலந்த கேமராக்கள் குற்றவாளியைப் பிடிக்க உதவுமா என்று கேட்டால், சென்னையில் ஏ.கே. விஸ்வநாதன் போலீஸ் கமிஷனராக இருந்தபோது நடந்த ‘மூன்றாவது கண்’ திட்டம் இங்கே நினைவுக்கு வருகிறது. மும்பையில் 2016 அக்டோபர் 2-இல் தொடங்கிய நகரக் கண்காணிப்புத் திட்டம், ஒரே ஒப்பந்தக்காரர் 4,700-க்கும் மேற்பட்ட கேமராக்களைப் பொருத்தி ஒரே கட்டுப்பாட்டு அறையில் இணைத்தது. சென்னையோ கடைக்காரரையும் குடியிருப்போர் சங்கத்தையும் அவரவர் காசில் போடச் சொன்னது. ஆளுக்கொரு கம்பெனிதான். ஆனாலும் குற்றம் நடந்த பிறகு தெருத் தெருவாக அந்தப் படங்களைக் கோத்து ஆளைப் பிடித்தார்கள். கலந்து கிடக்கும் கேமராவுக்கும் மதிப்புண்டு என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

சாவி யார் கையில்

நான் மிகவும் கவலைப்படும் இடம் இதுதான். எல்லாவற்றையும் ஒரே ரெக்கார்டரில் சேர்த்தபின், அதன் அட்மின் கடவுச்சொல் ஒருவருக்கு முழுக் கட்டடத்தையும் திறந்துகாட்டும்: யார் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார்கள், எந்தப் பெண் எப்போது தனியாக வருகிறாள், எந்த வீடு பூட்டிக்கிடக்கிறது. 2016-இல் ‘மிராய்’ என்ற தீநிரல், பெட்டியிலிருந்து வந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் கைப்பற்றி, அமெரிக்காவில் இன்டர்நெட்டையே தடுமாற வைத்தது. 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் திருடப்பட்டு விற்கப்பட்டது வெளியே வந்து நாடே அதிர்ந்தது. அங்கே படுத்திருந்த பெண்களுக்கு நடந்தது, கவனிக்காமல் விட்டால் எந்தக் கட்டடத்திலும் நடக்கும்.

பல சொசைட்டிகளில் கடவுச்சொல், பொருத்தியவரிடம் மட்டுமே இருக்கிறது. அவர் கடையை மூடிவிட்டால், அல்லது பணப் பாக்கியில் சண்டை வந்தால், சொசைட்டி தன் சொந்தக் கேமராவுக்குள்ளேயே நுழைய முடியாது. புதிய ஆள் வந்து “எல்லாத்தையும் மாத்தணும்” என்று சொல்வதற்கு உண்மையான காரணம் பல நேரங்களில் இதுதான். கம்பெனி வித்தியாசம் வெறும் சாக்கு.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் செக்ரட்டரியிடம் நேராகக் கேளுங்கள்: ரெக்கார்டரின் அட்மின் கடவுச்சொல் எங்கே எழுதி வைத்திருக்கிறது? கேமராக்களின் முகவரிப் பட்டியல் இருக்கிறதா? யார் யார் போனில் படம் ஓடுகிறது? பதில் வராவிட்டால், கடவுச்சொல்லை மாற்றி, உறையிலிட்டு ஒட்டி, சேர்மன் கையெழுத்தோடு சொசைட்டி பீரோவில் வைக்கத் தீர்மானம் போடுங்கள். பொருத்துபவருக்கான கடைசித் தவணையை, அந்த உறை கைக்கு வந்த பிறகு கொடுங்கள்.